அனுப்பாத படிவம்

கலியாண வீடுகளில் யாராவது அம்மாவிடம், "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால் அம்மா, "கொலிஜில வேலை" என்பார். கேட்டவரின் முகம் மலரும். "லெக்சரரோ?" அம்மா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். பந்திக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல எழும்பிவிடுவார்.

குற்றம் அம்மாவுடையது அல்ல. ஒன்ராறியோவின் சட்டம் அப்படிப் பெயர் வைத்திருக்கிறது. நான் வேலைசெய்யும் கொலிஜில் மாணவர் இல்லை, வகுப்பறை இல்லை, பட்டமளிப்பு விழா இல்லை. மருத்துவர், தாதியர், பல் வைத்தியர், மருந்தாளர், இயன்மருத்துவர் என்று ஒவ்வொரு சுகாதாரத் தொழிலையும் ஒழுங்குபடுத்த இந்த மாகாணத்தில் 26 கொலிஜ்கள் இருக்கின்றன. 1991இல் நிறைவேறி, 1993 டிசம்பர் 31ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. அந்த இருபத்தாறில் ஒன்றில் நான் கொள்கை வகுக்கும் பிரிவில் இருக்கிறேன். எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

புதிதாகச் சந்திப்பவர்களுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். தொழிற்சங்கம் தன் அங்கத்தவரைப் பாதுகாக்கும். கொலிஜ், அந்த அங்கத்தவரிடம் போகும் நோயாளியைப் பாதுகாக்கும். யார் உள்ளே வரலாம், வந்தவர் எப்படி நடக்கவேண்டும், நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அது முடிவுசெய்யும். அதன் சபையில் தொழிலைச் சேர்ந்தவர்களும் அரசாங்கம் நியமிக்கும் பொது அங்கத்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கை தூக்கி நிறைவேற்றும் வசனங்களை அதற்கு முன்பு யாரோ ஒருவர் எழுதவேண்டும். அந்த யாரோ நான்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கற்பிக்கப்பட்டது மூன்று சொற்கள். 'மஸ்ட்', 'ஷுட்', 'மே'. தமிழில் சொன்னால், செய்யவேண்டும், செய்வது நல்லது, செய்யலாம். நோயாளியின் சம்மதத்தைப் பதிவுசெய்யவேண்டும் என்று எழுதினால், செய்யாதவர் ஒழுக்காற்று விசாரணைக்கு முன் நிற்கக்கூடும். செய்வது நல்லது என்று எழுதினால் அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். சின்ன வயதில் தமிழ்ப் பாடசாலையில் வினைமுற்றுக்காக என் தலையில் குட்டிய ரீச்சரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் எனக்கு வேலைக்கான பயிற்சி தந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

இரண்டு பக்கக் கொள்கை ஒன்றை எழுத ஒரு வருடம், சிலவேளை ஒன்றரை வருடம் எடுக்கும். முறைப்பாடுகளைப் பார்க்கவேண்டும். மற்ற மாகாணங்கள், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்ன செய்கின்றன என்று பார்க்கவேண்டும். குறிப்பு எழுதிக் குழுவுக்குக் கொண்டுபோகவேண்டும். அங்கிருந்து சபைக்கு. ஒழுங்குவிதியை மாற்றுவதென்றால் முன்வரைவை அங்கத்தவர்களுக்கு அனுப்பி ஆகக்குறைந்தது 60 நாட்கள் காத்திருக்கவேண்டும். வரும் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டும். பாதிப்பேர் இது போதாது என்பார்கள். மீதிப்பேர் இது அநியாயம் என்பார்கள். இருசாராரும் ஒரே வசனத்தைத்தான் சுட்டுவார்கள்.

2022இன் கடைசியில் என் மேசைக்கு வந்த வேலை வெளிநாட்டில் படித்தவர்களைப் பற்றியது. அந்த வருடம் மாகாணச் சட்டம் மாறியிருந்தது. 2023 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் தவிர, சுகாதாரத் தொழிற்கொலிஜ்கள் பதிவுக்குக் கனடிய அனுபவம் கேட்கக்கூடாது. விண்ணப்பங்களுக்குக் காலக்கெடுவும் வந்தது. நம்மில் எத்தனைபேருடைய அப்பா, மாமா, சித்தி இந்தக் 'கனடிய அனுபவம்' என்ற இரண்டு சொற்களில் தடுக்கி விழுந்தவர்கள் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத்தேவையில்லை. அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை.

அதோடு இன்னொரு சின்ன விடயத்தையும் மீளப்பார்க்கச் சொன்னார்கள். 2006இல் வந்த இன்னொரு சட்டத்தோடு சேர்ந்த கடமை அது. விண்ணப்பதாரர் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ஆவணங்களைப் பெறமுடியாவிட்டால் அவற்றுக்குப் பதிலாக எதை ஏற்றுக்கொள்ளலாம் என்பதைக் கொலிஜ் பகிரங்கமாகச் சொல்லவேண்டும். நாங்களும் சொல்லித்தான் இருந்தோம். வழிகாட்டியின் பதினோராவது பக்கத்தில், ஒரு பெட்டிக்குள், சின்ன எழுத்தில்: விதிவிலக்கான சூழ்நிலைகளில் மாற்று ஆவணங்கள் பரிசீலிக்கப்படலாம். அவ்வளவுதான். அந்தப் பெட்டியைக் கண்டதும் எனக்கு ஒரு பிஸ்கட் பேணி நினைவுக்கு வந்தது.

அம்மா மிஸியாக இருந்தவர். மூன்று வருடம் பயிற்சி எடுத்து, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டில் பதினெட்டு வருடம் வேலை செய்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது கால் வைக்க இடமில்லை. அப்பா சைக்கிளில் அரிசியும் பாயும் கட்டியிருந்தார். அம்மாவின் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் கத்தரிக்கோல், பஞ்சு, நூல், ஒரு போத்தல் ஸ்பிரிட். காணி உறுதியும் சேர்ட்டிபிக்கேட்டுகளும் இருந்த தகரப்பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த வருடம் மாமா போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் தங்கியிருந்த அந்தக் கிழமையில் அம்மா மூன்று பிள்ளைகளுக்குப் பேறு பார்த்தார். மேசைகளைச் சுற்றிச் சேலை கட்டி மறைத்தார்கள். ஒன்ராறியோச் சட்டத்தில், பயிற்சியும் அதிகாரமும் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய 14 செயல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. தோலுக்குக் கீழே வெட்டுவது, ஊசி போடுவது, முறிந்த எலும்பைப் பொருத்துவது என்று போகும் அந்தப் பட்டியலில் பிரசவம் நடத்துவதும் ஒன்று. அவசர வேளையில் செய்யும் தற்காலிக உதவிக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. முதல்முறை அந்தப் பிரிவை வாசித்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. கொடிகாமத்தில் அம்மா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

1998இல் கனடா வந்தோம். முதல் மூன்று வருடம் வேறொரு மாகாணத்தில் இருந்தோம். அம்மா கோழித் தொழிற்சாலைக்குப் போனார். ரொறன்ரோ வந்தபிறகு ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளரானார், ஓய்வுபெறும் வரை அங்கேதான். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது. யாருடைய மூச்சிலாவது வித்தியாசம் தெரிந்தால் அதைத் தாதியிடம் போய்ச் சொல்லுவார். தாதி வந்து பார்த்துக் கொப்பியில் எழுதுவார். "என்னெண்டு கண்டுபிடிச்சனீ?" என்று அவர்கள் கேட்டால் அம்மா சிரித்துவிட்டு வருவார்.

2019இல் அம்மாவை ஸ்காபரோவில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டுக்கு மாற்றும்போது அந்த நீலப் பேணி அகப்பட்டது. டேனிஷ் பிஸ்கட் வந்த பேணி; நம் எல்லார் வீட்டிலும் ஊசிநூல் போட்டுவைக்கும் அதே பேணி. அடியில் நாலாக மடித்த ஒரு விண்ணப்பப் படிவம். நாங்கள் முதலில் இருந்த மாகாணத்தில் 1999இல் எடுத்தது. பெயர், பிறந்த திகதி, பயின்ற இடம் எல்லாம் அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றிருந்தது. பாடவிபரமும் பயிற்சி மணித்தியாலங்களும் பயின்ற நிறுவனத்திலிருந்து நேரடியாக, முத்திரையிட்ட உறையில் வந்துசேர வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது.

அது அநியாயமான கேள்வி அல்ல. இன்றும் பெரும்பாலான நாடுகளில் அதைத்தான் கேட்கிறார்கள். கள்ளச் சேர்ட்டிபிக்கேட்டுகள் உலகத்தில் இருக்கின்றன. அம்மா ஊருக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். பதில் இல்லை. அப்போது அங்கே யுத்தம். கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்றே தெரியாது. பிறகு படிவத்தை மடித்துப் பேணிக்குள் வைத்துவிட்டார். யாரும் அவரை நிராகரிக்கவில்லை. அவர் அனுப்பவே இல்லை.

என் தொழில் அப்போதுதான் எனக்குச் சுட்டது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் அறிக்கை தயாரிக்கிறோம். எத்தனைபேர் விண்ணப்பித்தார்கள், எத்தனைபேர் பதிவானார்கள், எத்தனைபேர் மறுக்கப்பட்டார்கள், எத்தனைபேர் இடையில் விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எங்கள் முறை நியாயமானது என்று நாங்கள் தலையாட்டிக்கொள்வோம். மூன்றாம் பக்கத்தில் பேனாவை மூடியவருக்கு அந்த அட்டவணையில் நிரல் இல்லை. அவர் எங்கள் வாசலுக்கு வந்ததே எங்களுக்குத் தெரியாது.

ஆகவே மூன்று வருடம் கழித்து அந்தப் பதினோராம் பக்கத்துப் பெட்டி என் கையில் வந்தபோது நான் முதலில் செய்தது மேலதிகாரியின் அறைக்கதவைத் தட்டியது. அம்மாவின் கதையைச் சொன்னேன். இதை நான் எழுதுவது சரியா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கொள்கை எழுதும் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான், எங்கிருந்து வந்தாய் என்பதை மறைத்தால்தான் பிழை என்றார். குழுவுக்குப் போகும் குறிப்பில் அதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

பிறகு எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் கோபத்தில்தான் எழுதினேன். என் முதல் வரைவு மிகவும் தாராளமானது. ஆவணம் பெறமுடியாதவர் ஒரு சத்தியக்கடதாசியும், கூட வேலைசெய்த இருவரின் கடிதமும் தந்தால் போதும். அதை எழுதி முடித்த வெள்ளிக்கிழமை நான் நல்லாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனேன். புட்டு அவித்துக்கொண்டிருந்தார். முதலில் பழைய வாசகத்தை, அது எப்போதும் பகிரங்கமாக இருந்ததுதானே, தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். விதிவிலக்கான சூழ்நிலைகளில் பரிசீலிக்கப்படலாம்.

"விதிவிலக்கெண்டால் என்ன பிள்ளை?"

"வழமையில்லாதது அம்மா. எப்பவாவது நடக்கிறது."

"அப்ப அது எங்களுக்கில்லை" என்றார் அம்மா. "எங்களுக்கு அது வழமைதானே. முப்பது வருசமா நடந்தது. இதை வாசிச்சால் நான் வேற ஆருக்கோ எழுதிக்கிடக்கு எண்டு நினைச்சிருப்பன்."

பிறகு புதிய முறைக்கு என் மனதில் இருப்பதைச் சொன்னேன். சத்தியக்கடதாசி, இரண்டு கடிதம். அம்மா சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுப்பைக் குறைத்தார். வந்து கதிரையில் இருந்தார்.

"அது காணாது" என்றார்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். முப்பது வருடமாக என்னிடம் சொல்லாத கதை. தொண்ணூறுகளின் தொடக்கம். வடக்குக்கு மருந்துத் தடை. வார்ட்டில் ஆட்கள் இல்லை. பாதிப்பேர் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போய்விட்டார்கள். ஒரு பெண் வந்தாள். வெளியூரில் பயிற்சி எடுத்ததாகவும், கலவரத்தில் கடதாசிகள் எரிந்துவிட்டன என்றும் சொன்னாள். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. விடலாமா என்று பெரியவர்கள் கேட்டபோது அம்மாதான், "வரட்டும், எங்களுக்குக் கை காணாது" என்று சொன்னார். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. ஓர் இரவு, பிள்ளை பிறந்தபிறகு இரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு அவள் எர்கோமெட்ரின் போட்டாள். இரத்தப்போக்குக்கு அது கொடுக்கிற மருந்துதான். ஆனால் அந்தத் தாய்க்குப் பிரஷர். பிரஷர் உள்ளவருக்கு எர்கோமெட்ரின் கொடுக்கக்கூடாது என்பது பயிற்சி எடுத்த எவருக்கும் தெரிந்திருக்கவேண்டிய பாடம். விடிய முன்னம் வலிப்பு வந்தது. தாய் இறந்துபோனார்.

"அவள் பொய் சொன்னவளோ, படிச்சதை மறந்தவளோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்றார் அம்மா. "அவளைக் குற்றம் சொல்லேலாது. நான்தான் வரட்டும் எண்டனான். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அஞ்சு நிமிசம். பிரஷர் இருந்தால் எந்த ஊசி போடக்கூடாது எண்டு ஒரு கேள்வி."

புட்டுக்குழலிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அதனால்தான் படிவத்தை அனுப்பவில்லையா?

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று உடனே சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கோ தெரியேல்லை" என்றார். "பேப்பர் கேட்டவையில எனக்குக் கோவமில்லை, பிள்ளை. கேக்கத்தான் வேணும். ஆனா பேப்பரை மட்டும்தான் கேட்டவை. என்னை ஒரு வார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், செய்து காட்டு எண்டு கேட்டிருந்தால் நான் காட்டியிருப்பன். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

திங்கட்கிழமை என் வரைவைத் திறந்து சத்தியக்கடதாசி வசனத்தை வெட்டினேன். அதை மறுபடி எழுத நாலு மாதம் எடுத்தது. இப்போது அது மூன்று படியாக இருக்கிறது. முதலாவது, காரணம். யுத்தம், இடப்பெயர்வு, நிறுவனம் இயங்காமல் போனது, கேட்டும் பதில் வராதது என்று சொற்கள் வெளிப்படையாக நிற்கின்றன. 'விதிவிலக்கான' என்ற சொல் எங்கும் இல்லை. இரண்டாவது, கையில் இருப்பது. பழைய சம்பளத்துண்டு, அடையாள அட்டை, கூட வேலை செய்தவரின் சத்தியக்கடதாசி, எது கிடைக்கிறதோ அது. இவை கதவைத் திறக்கும், ஆனால் பதிவைத் தராது. மூன்றாவது, ஆள். தொழிலில் உள்ள இருவருக்கு முன்னால் இருந்து பேசவேண்டும், பிறகு திறனைச் செய்து காட்டவேண்டும். இந்தப் படியில் மட்டும் நான் 'வேண்டும்' போட்டேன், 'லாம்' அல்ல. கொலிஜுக்கும் அதே 'வேண்டும்': ஒருவர் முதல் இரண்டு படியையும் தாண்டினால் மதிப்பீட்டை நடத்தியே ஆகவேண்டும், பரிசீலிப்போம் என்று இழுக்கமுடியாது.

இன்னொன்றையும் மாற்றினேன். அது கொள்கையே அல்ல, அச்சு அமைப்பு. பதினோராம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு. ஆவணங்களைக் கேட்கும் வரிக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில்.

குழுவில் கேள்விகள் வந்தன. ஆபத்தை யார் பொறுப்பது என்று ஒருவர் கேட்டார். நான் பெயரோ ஊரோ சொல்லாமல், மாற்று ஆவணத்தை மட்டும் நம்பினால் என்ன நடக்கலாம், ஆளைச் சோதித்தால் எதைக் கண்டுபிடிக்கலாம் என்று விளக்கினேன். எர்கோமெட்ரின் என் வாயில் வரவில்லை. ஆனால் பேசும்போது முழுநேரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொது அங்கத்தவர் ஒருவர், வயதானவர், முதல் பக்கத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டு, தன் தகப்பனும் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். எந்த நாடு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எல்லாம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். மதிப்பீட்டுக்குச் செலவு இருக்கிறது. அதை விண்ணப்பதாரரே கட்டவேண்டும். கட்டணத்தைத் தவணையாக்கும் என் பரிந்துரை இரண்டுதரம் போய் இரண்டுதரமும் திரும்பி வந்தது. கோழித் தொழிற்சாலைச் சம்பளத்தில் அம்மா அதைக் கட்டியிருப்பாரா என்று கணக்குப் பார்த்தேன். கட்டியிருக்கமாட்டார். அடுத்த மீளாய்வில் மூன்றாவது தரம் கொண்டுபோவேன்.

சபை நிறைவேற்றிய அடுத்த ஞாயிறு, அந்த முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். ஆங்கிலம் வாசிப்பது அவருக்கு இப்போதும் மெதுவாகத்தான் வரும்.

"இதை விளங்கிக்கொள்ளலாம்" என்றார். பிறகு கேட்டார், "எத்தினை பேர் அனுப்பியிருக்கினம்?"

"இப்பதானே அம்மா வந்தது. ஒரு வருசம் போகோணும்."

"அனுப்பாமல் விடுறவையை ஆர் எண்ணுறது?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை என் அடுத்த வேலைத்திட்டத்தில் ஒரு வரியாக எழுதியிருக்கிறேன். படிவத்தைத் தரவிறக்கி, நிரப்பத் தொடங்கி, எந்தப் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒரு வழி தேடுகிறோம்.

போன மாதம் மார்க்கத்தில் ஒரு கலியாணம். பந்திக்குக் காத்திருந்தபோது அம்மாவின் பழைய சிநேகிதி ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். வழமையான கேள்வி வந்தது. மகள் என்ன செய்யிறா? நான் 'கொலிஜ்' என்ற பதிலுக்குத் தயாராகச் சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தேன்.

"மகள் போம் எழுதுறவள்" என்றார் அம்மா.

"போம் நிரப்பிக் குடுக்கிறவவோ?"

"இல்லை. போமை எழுதுறவள்" என்றார் அம்மா. இந்தமுறை எழும்பிப் போகவில்லை.